கேரி ஐயரின் தோட்டம்



சிம்மக்கல்லின் நெருக்கமான தெருக்களில் தோட்டமுள்ள வீடு அரிது. ஆயினும் உங்கள் வீடுகளைச் சந்திக்க வரும்போது, மொட்டைமாடியில் ஒரு தொட்டி மல்லியையோ, சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்த கறிவேப்பிலைக் கன்றையோ பெரும்பாலும் காண்கிறேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபத்திலும், வீடு கட்டுவதற்கு அடுத்தபடியாகத் தோட்டமே சொல்லப்பட்டிருக்கிறது (எரேமியா 29). அந்நிய மண்ணில் வாழும் மனதுக்கு அது எவ்வளவு அவசியம் என்பதை வில்லியம் கேரி ஐயரின் வாழ்க்கையில் காணலாம்.

அவரை வேதாகம மொழிபெயர்ப்பாளராக நீங்கள் அறிவீர்கள். 1793-இல் வங்காளம் வந்தார். அதன்பின் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. மறு ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டரை அடக்கம்பண்ணினார். மனைவி டாரதி மனநோயுற்று, 1807-இல் மரிக்கும்வரை துன்புற்றார். (அந்த அம்மையாரின் பாடுகளை மிஷனெரி சரித்திரங்கள் பல இரண்டு வரிகளில் கடந்துபோவது எனக்கு உடன்பாடில்லை.)

1800-இல் செராம்பூரில் குடியேறியபின், கேரி சுமார் 5 ஏக்கரில் தோட்டம் அமைத்தார். லின்னேயஸின் முறைப்படி செடிகளை வகுத்து நட்டார். அதுவே அவருடைய ஜெப அறையுமாயிற்று.

ஒருமுறை இங்கிலாந்திலிருந்து விதைகள் வந்தன. பையை வெறுமையாக்கியபின், அதில் எஞ்சிய மண்ணை நிழலான ஓரிடத்தில் உதறினார். சில நாட்களில் அங்கே டெய்சி முளைத்தது. அது அவர் நாட்டுப் புல்வெளிகளில் தானாகவே பூப்பது. யாரும் விலைகொடுத்து வாங்காத சிறு வெண்பூ. ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்குப்பின் அதைக் கண்ட கேரி, ஐரோப்பாவை விட்டு வந்தது முதல் இத்தனை இனிய எளிய மகிழ்ச்சியைத் தாம் அடைந்ததில்லை என்னும் கருத்துப்பட எழுதினார். மழைக்காலத்தை அச்செடி தாங்கவில்லை. ஆகையால் ஆண்டுதோறும் விதையிட்டு அதை மறுபடி வளர்த்தார்.

1823-இல் தாமோதர் நதியின் வெள்ளம் தோட்டத்தைப் பாழாக்கியது. இடுப்பில் அடிபட்டுப் படுக்கையிலிருந்த கேரி, எழுந்ததும் மீண்டும் நடத் தொடங்கினார். அப்போது அவருக்கு 62 வயது.

1834-இல் மரணப்படுக்கையிலும் தோட்டத்தையே நினைத்தார். அங்கே செல்ல இயலாதபோது, தலைமைத் தோட்டக்காரர் அறைக்கே வந்து செடிகளின் நிலையைத் தெரிவிப்பார். தாம் போனபின் சகோதரர் மார்ஷ்மன் பசுக்களை உள்ளே விட்டுவிடுவாரே என்று ஒருநாள் கலங்கினார். செடிகளில் தமக்கு அத்தனை நாட்டமில்லாவிட்டாலும், இத்தோட்டத்தைக் காப்பதைப் பரிசுத்தமான கடமையாகவே எண்ணுவதாக மார்ஷ்மன் அவருக்கு வாக்களித்தார்.