சான்றிதழ் தராத பள்ளிக்கூடம்



ஒன்றுகூடல் மலர் என்றால் விடுதிச் சாப்பாடும் ஆண்டு விழா நாடகமும் இல்லாமல் இருக்காது. அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடிய நண்பர்கள் இருக்கிறார்கள். நான் நம் ஊர்ப் பக்கத்தில் நடந்த வேறொரு பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பள்ளிக்கு மணி கிடையாது, தேர்வு கிடையாது, பட்டமளிப்பு கிடையாது. படிக்க வந்தவர்களுக்கு வயது இருபதும் இருக்கும், அறுபதும் இருக்கும். நம்மில் பலர் பட்டம் வாங்கியபின் வேளாண் அலுவலராக, ஐ.டி.ஐ. பயிற்றுநராக, வங்கியின் கிராமக் கிளை அலுவலராகப் போய், பெரியவர்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கும் நிலையில் நின்றவர்கள். அப்படி நிற்கப்போகும் மாணவர்களும் இங்கே இருக்கிறார்கள். ஆகவே இந்த வரலாறு நமக்கு அந்நியமானது அல்ல.

பாகூருக்குக் கல்வி புதிதல்ல

பாகூர் என்றதும் ஏரியும் நெல்லும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கல்வி வரலாற்றிலும் அந்த ஊருக்கு இடம் உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஒரு வித்யாஸ்தானம் இருந்ததையும், அதற்காக மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்டதையும் சொல்கிறது. மூன்று கிராமத்து விளைச்சல் ஒரு கல்லூரியைத் தாங்கியது. அங்கே சாத்திரங்கள் போதிக்கப்பட்டன. ஆனால் அந்த விளைச்சலைக் கொடுத்த உழவனுக்கு அங்கே பாடம் இருந்ததாகத் தெரியவில்லை.

உழவனும் குயவனும் வேறு வழியில் கற்றார்கள். அப்பன் கையைப் பார்த்து மகன், மாமியார் கையைப் பார்த்து மருமகள். வில்லியனூர்ச் சுடுமண் சிற்பம் இன்றும் அப்படித்தான் கைமாறி வருகிறது. 2011-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கலையில் பலரைப் பழக்கிய வி.கே. முனுசாமி அவர்களுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கை வழியாகக் கற்பிப்பதை ஆராய்ச்சியின் துணையோடு ஒரு நிறுவனமாக்க முடியுமா என்ற கேள்வி நம் காலத்தில்தான் எழுந்தது. அதற்கு இந்தியாவில் முதல் சோதனை நடந்த இடம் நம் புதுச்சேரி.

1974 மார்ச் 21

1964-66 ஆண்டுகளில் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, பள்ளிப் படிப்போடு நின்ற கிராமத்து இளைஞர்களுக்கு வேளாண்மைத் தொழிற்கல்வி தரத் தனி நிறுவனங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. வேளாண் பாலிடெக்னிக் என்பது அப்போது அவர்கள் நினைத்த பெயர். பல ஆண்டு விவாதத்துக்குப் பிறகு, 1973-ல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் உதய்பூர் சேவா மந்திரின் டாக்டர் மோகன் சிங் மேத்தா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. மேத்தா வேளாண் விஞ்ஞானி அல்லர். வயது வந்தோர் கல்வியில் ஊறியவர். அதனால்தானோ என்னவோ, அந்தக் குழுவின் அறிக்கை விதை, உரத்தைவிடக் கற்கும் முறையைப் பற்றி அதிகம் யோசித்தது.

அந்த யோசனையின் பயன்தான் வேளாண் அறிவியல் நிலையம், அதாவது கிருஷி விஞ்ஞான் கேந்திரா. நாட்டின் முதல் நிலையம் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் 1974 மார்ச் 21-ஆம் நாள் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. பின்னாளில் பெருந்தலைவர் காமராஜர் பெயரைத் தாங்கிக் குருமாம்பேட்டில் இருப்பது அதுதான். இன்று நாடு முழுவதும் எழுநூறுக்கு மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மூத்தது நம்முடையது. வில்லியனூரிலும் பாகூரிலும் வளர்ந்த எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்த நிலையத்துக்கு வகுத்த கொள்கைகள் மூன்று. முதலாவது, செய்து கற்பது. வேலை செய்வதுதான் பாடம். எழுத்தறிவு இல்லாதவரும் தொழில் அறிவு பெற முடியும். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்பதால் ஒருவரை வாசலில் நிறுத்தக் கூடாது. இரண்டாவது, ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கும் சொந்தமாகத் தொழில் செய்ய விரும்புகிறவர்களுக்கும்தான் பயிற்சி. மூன்றாவது, எல்லா ஊருக்கும் ஒரே பாடத்திட்டம் கிடையாது. அந்தந்த ஊரின் தேவையையும் மண்ணையும் நீரையும் பார்த்துத்தான் பாடம் அமைக்க வேண்டும். இந்த மூன்றோடு, படிப்பு முடிந்ததும் சான்றிதழோ பட்டயமோ தருவதில்லை என்பதும் சேர்ந்தது.

சான்றிதழ் இல்லை என்பதை நம் ஆட்கள் சிலர் இளக்காரமாகப் பார்த்தார்கள். "பேப்பர் குடுக்க மாட்டாங்களாம், அப்புறம் எதுக்கு நாலு நாள் கூலிய விட்டுட்டுப் போகணும்?" என்று கேட்கிறவர் இன்றும் உண்டு. ஆனால் இதற்கு உலகில் முன்னோடி இருக்கிறது. டென்மார்க்கில் குருந்த்விக் என்ற சிந்தனையாளரின் கருத்தை ஒட்டி 1844-ல் ரோடிங் என்னும் ஊரில் முதல் மக்கள் உயர்பள்ளி தொடங்கியது. குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் தேர்வும் சான்றிதழும் இல்லாமல் படித்தார்கள். நம் நாட்டில் தாகூர் 1922-ல் லெனார்டு எல்ம்ஹர்ஸ்டைத் துணை கொண்டு ஸ்ரீநிகேதனைத் தொடங்கினார். அதே பத்தாண்டில் இன்றைய குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும் சொல்லிக் கொடுத்தார். மார்த்தாண்டம் தேன் இன்றும் பேர் சொல்லும் சரக்கு. அந்தப் பேர் எந்தச் சான்றிதழிலிருந்தும் வந்ததல்ல.

ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி

சான்றிதழ் இல்லாத இடத்தில் ஆசிரியர் கற்பித்தது சரிதானா என்பதற்கு ஒரே சாட்சி, படித்தவர் ஊருக்குப் போய் அதைச் செய்தாரா என்பதுதான். செய்யவில்லை என்றால் ஏன் என்று தேட வேண்டும். இந்தத் தேடல்தான் இத்துறையில் ஆராய்ச்சி.

முதலில் நிலையங்களின் வேலை பெரும்பாலும் பயிற்சியோடு நின்றது. பின்னர் பண்ணை ஆய்வும் முன்னிலைச் செயல்விளக்கமும் அவற்றின் கடமைகளாகச் சேர்ந்தன. பண்ணை ஆய்வு நடக்கும் விதத்தை மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு விவசாயியின் சொந்த நிலத்தில் ஒரு பாத்தியில் அவர் வழக்கமாகச் செய்வது, அடுத்ததில் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது, முடிந்தால் இன்னொன்றில் மாற்று முறை. மூன்றையும் அவரே பராமரிப்பார். மகசூல், செலவு, வரவு எல்லாம் குறிக்கப்படும். கூடவே அவருடைய கருத்தும் பதிவாக வேண்டும். "விளைச்சல் கூடத்தான் செய்யுது சார், ஆனா வைக்கோல் கட்டையா இருக்கு, மாடு என்ன திங்கும்?" என்று ஒருவர் சொன்னால் அதுவும் ஆய்வு முடிவுதான். ஆய்வுக்கூடத்தில் வைக்கோலை யாரும் அளந்திருக்க மாட்டார்கள். மாடு வைத்திருப்பவர் அளப்பார்.

பள்ளிக்கூடமே ஆராய்ச்சிக்கூடம் ஆனதற்கு அழகான சான்று ஒன்று மடகாஸ்கர் தீவில் இருக்கிறது. ஹென்றி டி லாலனியே என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் 1981-ல் அங்கே அன்ட்சிராபே ஊரில் கிராமத்து இளைஞர்களுக்காக ஒரு வேளாண் பள்ளி தொடங்கினார். 1983-ல் மழை சரியாக அமையாததால் முப்பது நாள் நாற்றுக்குப் பதில் பதினைந்து நாள் நாற்றை நட வேண்டியதாயிற்று. முதலில் பயிர் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. பிறகு எதிர்பாராத அளவுக்குத் தூர் கட்டியது. அதிலிருந்து பிறந்ததுதான் நாம் ஒற்றை நாற்று நடவு, செம்மை நெல் சாகுபடி என்றெல்லாம் சொல்லும் முறை. இளைஞர்களுக்குப் பாடம் நடத்திய வயலில், பாடத்தில் இல்லாத ஒன்று நடந்தபோது ஆசிரியர் அதைத் தவறு என்று தள்ளாமல் கவனித்தார்.

அந்த முறை நம் பக்கம் வந்தபோது இன்னொரு பாடம் கிடைத்தது. இளநாற்றை வேர் அறாமல் பிடுங்கி, கயிறு பிடித்துச் சதுரமாக நட வேண்டும். பயிற்சிக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருபவர் நிலத்துக்காரர். வயலில் இறங்கி நடுகிறவர்களோ கூலிக்கு வரும் பெண்கள். "கயித்தப் பாத்துப் பாத்து நட்டா பொழுது போயிடும், கூலி யாரு கூட்டிக் குடுப்பா?" என்பது அவர்களுடைய கேள்வி. ஆகவே யாருக்குப் பயிற்சி என்று தீர்மானிப்பதே பயிற்சியில் பாதி. கையால் செய்கிறவரை விட்டுவிட்டுக் கணக்குப் பார்ப்பவருக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தால் அது காதோடு போய்விடும்.

கீழூரும் வில்லியனூரும்

1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் கூடி, அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த கீழூரை நாம் அரசியல் வரலாற்றில் அறிவோம். 1990-களின் தொடக்கத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உயிரிக் கிராமம் என்ற திட்டத்தைத் தொடங்கிய ஊர்களில் கீழூரும் ஒன்று. பிள்ளையார்குப்பமும் சிவராந்தகமும் உடன் இருந்தன. நிலமில்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் காளான் வளர்ப்பு, அலங்கார மீன் வளர்ப்பு போன்ற தொழில்கள் கற்பிக்கப்பட்டன.

சிப்பிக் காளானைக் கற்றுக்கொள்வது கடினமில்லை. வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, ஈரம் வடித்து, பாலித்தீன் பையில் அடுக்கடுக்காக வித்தைப் போட்டுக் குடிசையில் தொங்கவிட்டால் மூன்று வாரத்தை ஒட்டிக் காளான் எட்டிப் பார்க்கும். சிக்கல் அதற்குப் பின்னால்தான். நல்ல வித்து நேரத்துக்குக் கிடைக்க வேண்டும். பறித்த காளான் வாடுவதற்குள் விற்க வேண்டும். வித்துக்கும் சந்தைக்கும் வழி சொல்லாத பயிற்சி, நீச்சல் தெரியாதவனைக் குளத்தின் நடுவில் இறக்கிவிட்டு வருவது மாதிரி.

1998-ல் அதே நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் கணினியைக் கொண்டுவந்து இறக்கவில்லை. ஊரில் யாருக்குச் செய்தி எங்கிருந்து வருகிறது, யாரிடம் கேட்கிறார்கள் என்று விசாரித்தார்கள். கடைக்காரர், தரகர், பக்கத்து வீட்டுக்காரர் என்று பதில் வந்தது. அதன் பிறகுதான் அறிவு மையங்கள் அமைந்தன. எம்பலத்தில் மையம் கோயில் இடத்தில் இயங்கியது. நடத்தியவர்கள் உள்ளூர்ப் பெண்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் எவ்வளவு இருக்கும் என்ற செய்தியை ஒலிபெருக்கியில் தினமும் சொன்னார்கள். "நம்ம ஊரு செய்தி" என்று ஒரு செய்தித்தாளும் வந்தது.

இதன் பலன் எதிர்பாராத ஒரு நாளில் தெரிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மக்கள் கடற்கரையை விட்டு ஓடினார்கள். வீடுகள் போயின, உயிர்கள் பிழைத்தன. சுனாமி எந்தப் பயிற்சித் தாளிலும் இல்லை. ஆனால் அந்தக் குரலை நம்பலாம் என்பது ஊருக்குப் பழகியிருந்தது. பெரியவர்கள் கல்வியில் நம்பிக்கைதான் முதல் பாடம்.

பயிற்றுநர் யார்?

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பள்ளி ஆசிரியருக்கு பி.எட். உண்டு. ஐ.டி.ஐ. பயிற்றுநருக்கும் கற்பிக்கும் முறையில் தனிப் பயிற்சி உண்டு. உழவருக்கும் மீனவருக்கும் கற்பிக்க வருகிறவர் மண்ணியலிலோ பூச்சியியலிலோ முதுகலை படித்தவர். பாடம் தெரியும். நாற்பது வயதுக்காரர் எப்படிக் கற்கிறார் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1970-களிலேயே வலியுறுத்தியது இதைத்தான்: பெரியவர் வெறுங்கையோடு வருவதில்லை, தன் அனுபவத்தையும் தன் பிரச்சினையையும் கொண்டுவருகிறார். அதிலிருந்து தொடங்காத பாடம் அவருக்கு ஏறாது.

வேளாண் அறிவியல் நிலையங்களில் பதவிப் பெயர்கள் மாறிய விதத்தைப் பாருங்கள். ஆரம்பத்தில் தலைவருக்குப் பெயர் பயிற்சி அமைப்பாளர். பிறகு திட்ட ஒருங்கிணைப்பாளர். இப்போது முதுநிலை விஞ்ஞானி மற்றும் தலைவர். பெயரில் விஞ்ஞானி வந்தார், பயிற்சி போய்விட்டது. ஆராய்ச்சிக்கு மதிப்பு கூடியது நல்லதே. ஆனால் நன்றாகக் கற்பிப்பதும் ஆராய்ந்து அறிய வேண்டிய ஒரு வித்தை என்ற எண்ணம் குறைந்துவிடக் கூடாது.

சான்றிதழும் வந்துவிட்டது. 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்ட பின், நிலையங்களில் இருநூறு மணி நேரத் திறன் பயிற்சிகளும் மதிப்பீடும் சான்றிதழும் நுழைந்தன. வேலை தேடும் இளைஞனுக்கு அந்தத் தாள் உதவும், மறுக்கவில்லை. ஆனால் தாளுக்காகப் பாடம் என்று ஆனால், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பாடம் என்ற 1974-ஆம் ஆண்டுக் கொள்கை என்ன ஆகும்? பாகூர் ஏரிப் பாசனத்துக்காரருக்கும் வில்லியனூர்ப் பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்றுக்காரருக்கும் ஒரே தாள் பொருந்துமா?

இளைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நீங்கள் நாளை எந்தப் பதவியில் இருந்தாலும், ஒருநாள் உங்களைவிட வயதில் மூத்த ஒருவருக்கு ஏதாவது கற்பிக்க வேண்டிவரும். அப்போது மூன்று காரியம் செய்யுங்கள். பேசுவதற்கு முன் கேளுங்கள். அவர் கையால் செய்ய விடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போய், "அண்ணே, அன்னிக்குச் சொன்னது என்ன ஆச்சு?" என்று விசாரியுங்கள். ஆகவில்லை என்று சொன்னால் காரணத்தை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோட்டுதான் உங்கள் ஆராய்ச்சி.

முன்னாள் மாணவர் சங்கத்துக்கும் ஒரு யோசனை. 2024-ல் அந்த முதல் நிலையத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைந்தது. தொடக்க காலத்தில் அங்கே பயிற்சி பெற்றவர்களுக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டியிருக்கும். அவர்கள் என்ன கற்றார்கள், எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று நம் மாணவர்கள் கிராமம் கிராமமாகப் போய்க் கேட்டு எழுதினால் அது அருமையான ஆவணமாகும். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க உழைப்பவர் கல்வி!