காயமே முதல்

'காயம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் உடல் என்றும் பொருள் உண்டு. புண் என்றும் பொருள் உண்டு. டென்னிஸ் ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டோர் வரலாற்றைப் படிக்கும்போது, இவ்விரு பொருளையும் பிரித்துப் பார்ப்பது அரிதாகிவிடுகிறது. உழவனுக்கு நிலம் முதல். வணிகனுக்குச் சரக்கு முதல். இவர்களுக்கோ உடலே முதல். அம்முதலுக்கு ஊறு நேர்ந்தபோது நம் நாட்டு ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதையே நாம் இங்கு ஆராயப் புகுகிறோம்.

1968ஆம் ஆண்டுக்கு முன்னர் உலக டென்னிஸில் இரு வகுப்பார் இருந்தனர். பரிசுப்பணம் பெறாது ஆடுவோர் ஒரு வகுப்பு; ஒப்பந்தம் செய்துகொண்டு பணத்துக்காக ஆடுவோர் மற்றொரு வகுப்பு. முன்னவரை 'அமெச்சூர்' என்றனர். அச்சொல்லின் வேர்ப்பொருள் 'அன்பு செலுத்துபவர்' என்பதாகும். இதைத் தமிழாக்க முற்படுவோர் 'பொழுதுபோக்காளர்' என்று எழுதிவிடுவதுண்டு. அது பொருந்தாது. ஆண்டு முழுதும் கண்டம் விட்டுக் கண்டம் சென்று ஆடியவர்களை எப்படிப் பொழுதுபோக்காளர் என்பது? வேறுபாடு உழைப்பில் அன்று, ஊதியத்திலேதான் இருந்தது. அதிலும், செலவுத் தொகை என்ற பெயரில் திரைமறைவில் பணம் கைமாறியது ஊரறிந்த இரகசியம்.

தொழில்முறை ஆட்டக்காரருக்கு விம்பிள்டன் கதவும் டேவிஸ் கோப்பைக் கதவும் அடைக்கப்பட்டிருந்தன. 1962இல் உலகின் நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்ற ஆஸ்திரேலியராகிய ராட் லேவர், அடுத்த ஆண்டு தொழில்முறையில் இறங்கியதும், 1967 வரை அந்நான்கு போட்டிகளிலும் ஆட இயலவில்லை. ஒரு வீரனின் நல்ல பருவத்தில் ஐந்து ஆண்டுகள் இவ்விதம் கழிந்தன.

இத்தகைய காலத்தில்தான் ராமநாதன் கிருஷ்ணன் ஆடினார். 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றவர். 1960, 1961 ஆகிய ஈராண்டிலும் ஆடவர் அரையிறுதி வரை முன்னேறியவர். முதலாண்டில் அவரை வென்ற நீல் ஃபிரேசரும், அடுத்த ஆண்டில் வென்ற லேவரும் அவ்வவ்வாண்டுப் பட்டத்தையே கைப்பற்றினர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. தொழில்முறைக் குழுவை நடத்திவந்த ஜாக் கிரேமர், பெருந்தொகை தந்து அவரை அழைத்தார். கிருஷ்ணன் இணங்கவில்லை. இணங்கியிருந்தால் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடும் உரிமை அன்றே போயிருக்கும்.

1962இல் விம்பிள்டன் அமைப்பாளர்கள் அவருக்கு நான்காம் தரவரிசை இடம் வழங்கினர். அதற்கு முன் அவர் பெறாத உயர்வு அது. ஆனால் கணுக்கால் காயத்தால் போட்டியின் நடுவிலேயே விலக நேர்ந்தது. மீண்டும் அவர் அங்கு அரையிறுதியை எட்டவில்லை. எனினும் அவருடைய ஆட்டவாழ்வு அதனால் முறிந்துவிடவில்லை. 1966இல் கல்கத்தாவில் பிரேசிலின் தோமாஸ் கோக்கை எதிர்த்து ஐந்தாம் ஆட்டம். தோற்றால் இந்தியா வெளியேற வேண்டும். கிருஷ்ணன் இரண்டுக்கு ஒன்று என்று செட் கணக்கில் பின்தங்கி, நான்காம் செட்டில் 2-5 என்ற நிலையிலிருந்து மீண்டு வென்றார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிச்சுற்றுக்குச் சென்றது. கணுக்கால் காயத்துக்கும் இவ்வெற்றிக்கும் இடையே நான்கு ஆண்டுகள். அக்காலத்தில் ஓய்வெடுத்தவரைக் கீழே தள்ளும் கணிப்பொறி எதுவும் இல்லை. தேர்வுக்குழுவின் மதிப்பும் மக்களின் நினைவும் ஆட்டக்காரரைத் தாங்கி நின்றன.

1968 ஏப்ரலில் இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில் இரு வகுப்பாரும் ஒரே களத்தில் இறங்கினர். அவ்வாண்டு விம்பிள்டனும் எல்லோருக்கும் திறந்தது. 1973 ஆகஸ்டில் ஆடவருக்கான கணிப்பொறித் தரவரிசை வந்தது. பணம் வெளிச்சத்துக்கு வந்தது நன்மையே. ஆனால் அதனுடன் வந்த புது முறையின் கடுமையை எல்லோரும் அறிவதில்லை.

இன்றைய தரவரிசை ஐம்பத்திரண்டு வாரக் கணக்கு. சென்ற ஆண்டு இதே வாரத்தில் ஈட்டிய புள்ளிகள் இவ்வாண்டு அவ்வாரம் வந்ததும் உதிர்ந்துவிடும். மீண்டும் ஆடி ஈட்டினாலன்றி இடம் நில்லாது. படுக்கையில் கிடப்பவனுக்குக் கணக்கு நிற்பதில்லை. இடம் சரிந்தால் பெரிய போட்டிகளில் நேரடி நுழைவு போய்விடும். நுழைவு போனால் வருவாய் போய்விடும். இவ்வாட்டக்காரர் எந்த நிறுவனத்தின் ஊழியரும் அல்லர். மருத்துவ விடுப்பு இல்லை, மாதச் சம்பளம் இல்லை. பயிற்சியாளருக்கும், உடற்பயிற்சி மருத்துவருக்கும், விமானத்துக்கும், விடுதிக்கும் பெரும்பாலும் அவரே பணம் தரவேண்டும். அரசுப் பணியிலும் ஆலைப் பணியிலும் பிறமாநிலங்களில் வாழும் நம்மவர், தம் பிள்ளைகளைப் பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பும் முன் இதை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

விதிகளில் சிறு கருணையும் உண்டு. ஆறு மாதமேனும் காயத்தால் ஆடாதிருந்தவர், காயமுற்ற காலத்துத் தம் தரநிலையைக் காட்டிக் குறிப்பிட்ட சில போட்டிகளில் நுழையலாம். இதைக் 'காப்புத் தரவரிசை' என்று நாம் வழங்கலாம். அது கதவைத் திறக்கும். உள்ளே சென்றபின் எதிரியை வெல்லத் துணைவராது.

இம்முறையில் வாழ்ந்து காட்டியவருள் குடகு நாட்டு ரோகன் போபண்ணாவின் வரலாறு விரித்துரைக்கத்தக்கது. 1980 மார்ச்சில் பிறந்தவர். காப்பித் தோட்டக்காரர் மகன். ஒற்றையர் ஆட்டத்தில் அவர் எட்டிய உயர்ந்த இடம், 2007இல் பெற்ற 213. அந்த இடத்திலிருந்து வயிறு வளர்ப்பதே கடினம். அவர் இரட்டையர் ஆட்டத்தைத் தம் தொழிலாக்கிக் கொண்டார். வலிமைமிக்க சர்வீஸ் அவருடைய படைக்கலம். களத்தின் பாதியைக் காத்தால் போதும் என்பது அவர் காலுக்குக் கிடைத்த சலுகை. 2010இல் பாகிஸ்தானின் ஐசாம் குரேஷியுடன் அமெரிக்கப் போட்டியின் இறுதியை எட்டினார், வெல்லவில்லை.

ஆண்டுகள் ஏற ஏற முழங்கால்கள் தேய்ந்தன. எலும்பும் எலும்பும் உராயாமல் காக்கும் குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் கிடையாது. ஆதலால் தேய்ந்தது தானாக மீண்டும் வளர்வதில்லை. வலிநிவாரண மாத்திரைகளை விழுங்கிக்கொண்டே அவர் ஆடினார். பெருந்தொற்றுக் காலத்தில் போட்டிகள் நின்றிருந்தபோது ஐயங்கார் முறை யோகப் பயிற்சியில் புகுந்தார். கயிறு, மரக்கட்டை, நாற்காலி ஆகியவற்றின் துணையால் உடலை நிலைநிறுத்தும் முறை அது. புனேயில் வாழ்ந்த பி.கே.எஸ். ஐயங்கார் வகுத்தது. காலைச் சுற்றியுள்ள தசைகள் வலுவடைந்தால் மூட்டின் சுமை குறையும். குருத்தெலும்பு திரும்பி வரவில்லை. மாத்திரையின் தேவை நீங்கியது என்று அவரே கூறியுள்ளார்.

அதனால் வெற்றி உடனே வந்துவிடவில்லை. 2021இன் தொடக்கத்தில் மாதக்கணக்கில் ஓர் ஆட்டமும் வெல்லாமல், போர்ச்சுகலின் எஸ்டோரில் நகரில் கடலைப் பார்த்தபடி அமர்ந்து, 'வீட்டில் மனைவியும் மகளும் இருக்க, நாம் இங்கே எதற்கு?' என்ற எண்ணம் எழுந்ததாக அவர் பின்னர் தெரிவித்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. அன்றே அவர் ஓய்வு பெற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

2024 ஜனவரி 27 அன்று மெல்போர்னில், ஆஸ்திரேலியரான மாத்யூ எப்டனுடன் ஆடவர் இரட்டையர் பட்டத்தை வென்றார். அதுவே ஆடவர் இரட்டையரில் அவர் பெற்ற முதல் பெரும் பட்டம். வயது நாற்பத்து மூன்று. இரு நாட்களுக்குப் பின் வெளிவந்த தரவரிசையில் முதலிடம். அதற்குமுன் அவ்வளவு முதிர்ந்த வயதில் எவரும் அவ்விடத்தை எட்டியதில்லை.

இதனை மனவுறுதியின் வெற்றி என்று செய்தித்தாள்கள் போற்றின. மனவுறுதி இல்லாமல் இது இயலாதுதான். ஆயினும் நமக்கு வேறொன்றே பெரிதாகத் தோன்றுகிறது: எதைக் கைவிடுவது என்பதை அவர் காலத்தில் அறிந்திருந்தார். முதலில் ஒற்றையரை விட்டார். 2023 செப்டம்பரில் லக்னோவில் மொராக்கோவை எதிர்த்து ஆடிய பின் டேவிஸ் கோப்பையை விட்டார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் கோவையைச் சேர்ந்த ஸ்ரீராம் பாலாஜியுடன் முதற்சுற்றில் தோற்றதும் நாட்டுக்காக ஆடுவதையே நிறுத்திக்கொண்டார். எந்த டேவிஸ் கோப்பைக்காகக் கிருஷ்ணன் பெருந்தொகையை மறுத்தாரோ, அதனையே இவர் உடலைக் காக்கவேண்டி விட்டார். இருவரில் ஒருவரைக் குறைத்துப் பேசுவது நியாயமன்று. காலம் விதித்த கணக்கு வேறு.

ஹைதராபாத்தில் வளர்ந்த சானியா மிர்சாவின் வாழ்விலும் இதே கணக்கு. 2008இல் மணிக்கட்டில் அறுவை நடந்தது. ஒற்றையரில் உலகின் முதல் முப்பதில் இடம்பெற்றிருந்தவர், 2013இல் ஒற்றையரை அறவே துறந்தார். 2015இல் இரட்டையரில் உலக முதலிடம், அவ்வாண்டே மார்ட்டினா ஹிங்கிஸுடன் விம்பிள்டன் பட்டம்.

போபண்ணா 2025 நவம்பர் முதல் நாளில் ஓய்வை அறிவித்தார். அதற்குச் சில வாரங்கள் முன்னர், அமெரிக்கப் போட்டியின் இரட்டையர் அரையிறுதியில் டில்லியைச் சேர்ந்த யூகி பாம்ப்ரி ஆடினார். 2009இல் ஆஸ்திரேலியச் சிறுவர் பட்டம் வென்றவர் அவர்; 2018 ஏப்ரலில் ஒற்றையரில் 83ஆம் இடம்; அவ்வாண்டின் பிற்பகுதியில் முழங்கால் பழுதுபட்டு, ஈராண்டுக்கு மேல் மட்டை ஏந்தவில்லை. காப்புத் தரவரிசையைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார். பின் ஒற்றையரை விட்டு இரட்டையருக்கு வந்தார். நியூசிலாந்தின் மைக்கேல் வீனஸுடன் அவர் எட்டிய அந்த அரையிறுதி, பெரும் போட்டிகளில் அவருக்கு முதலாவது. அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.