அலை உயரம் சொன்ன ஒலிபெருக்கி

வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு இணையம் முதலில் காது வழியாகத்தான் வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அந்தக் கடற்கரை ஊரில் ஒலிபெருக்கிகள் கட்டப்பட்டன. கடலில் அலை எத்தனை உயரம் எழும் என்று அவற்றில் ஒரு குரல் தினமும் வாசிக்கும். வலை பின்னிக்கொண்டிருப்பவருக்கும் மீன் கூடையோடு நடப்பவருக்கும் அது ஒன்றுபோல் கேட்கும். அந்தக் குரல் வாசித்த எண்கள் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

இந்தியாவில் இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்ட் 15-இல். அதற்கு முன்பே, 1986-இல் தொடங்கிய எர்நெட் வலையமைப்பு வழியாகச் சென்னை உள்ளிட்ட ஐ.ஐ.டி.களும் வேறு சில ஆய்வு நிறுவனங்களும் தங்களுக்குள் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தன. பொதுமக்களுக்கான இணைப்பை விற்றது வி.எஸ்.என்.எல். என்ற அரசு நிறுவனம் மட்டும்தான். மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஒரு கணக்கு உண்டு. அதில் வெறும் எழுத்துதான் தெரியும், படம் வராது. படத்தோடு பார்க்க ஆசைப்பட்ட தனிநபர் 15,000 ரூபாய் கட்ட வேண்டும். அதற்குக் கிடைத்த வேகமோ வினாடிக்கு 9.6 கிலோபிட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்தை அந்த வேகத்தில் அனுப்பினால், அரை மணி நேரம் கழித்தும் போய்க்கொண்டிருக்கும். தனியார் நிறுவனங்கள் இந்தத் தொழிலுக்கு வர 1998 நவம்பரில்தான் வழி திறந்தது. தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்ததெல்லாம் அதன் பிறகு.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது அதே 1998-இல்தான். கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையம் பணம் கொடுத்தது. கணினியைக் கொண்டுபோய் வைப்பதற்கு முன், நிறுவனத்தார் ஊர் ஊராகப் போய் ஒரு கேள்வி கேட்டார்கள்: உங்களுக்கு ஒரு விவரம் தெரிய வேண்டுமென்றால் யாரிடம் போவீர்கள்? மளிகைக் கடைக்காரர், சந்தை, உரமும் விதையும் விற்பவர் என்றே பெரும்பாலும் பதில் வந்தது. பொருளை விற்பவரிடமே விலையும் யோசனையும் கேட்டுக்கொண்டிருந்த ஊர்கள் அவை. திட்டத்தின் மிச்சம் முழுவதும் இந்தப் பதிலிலிருந்து கிளைத்தது என்று சொல்லலாம்.

நடுவில் வில்லியனூர், அங்கே மட்டும்தான் தொலைபேசி வழி இணைய இணைப்பு. சுற்றியிருந்த ஊர்களில் ஊருக்கொரு மையம். பல ஊர்களில் தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாததால், காவல்துறையினர் பேசுவதுபோன்ற வி.எச்.எஃப். வானொலிக் கருவியோடு மோடத்தை இணைத்து, கணினிக் கோப்புகளை அதன் வழியே அனுப்பினார்கள். மின்சாரமும் அப்படித்தான், எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் சூரிய மின்தகடுகள் வைத்தார்கள்.

இணையம் எப்படி வேலை செய்கிறது என்று புதிதாகக் கற்பவருக்குக் காட்ட, வீராம்பட்டினத்து அலை உயரத்தைப் பின்தொடர்ந்து போனாலே போதும். ஓர் இணையப் பக்கம் என்பது எங்கோ ஓர் ஊரில், எப்போதும் விழித்திருக்கும் ஒரு கணினியில் கிடக்கும் கோப்பு. வில்லியனூரிலிருந்து அதைக் கேட்டு ஒரு வேண்டுகோள் போகிறது. அந்தக் கோப்பின் நகல் சிறு சிறு பொட்டலங்களாக உடைந்து, கடலடிக் கேபிள், செயற்கைக்கோள், தொலைபேசிக் கம்பி என்று கிடைத்த வழியில் வந்து, வில்லியனூர்க் கணினியில் மறுபடி ஒன்றுசேர்கிறது. மூலக் கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. உலகத்துக்கு இணையம் இதோடு முடிந்துவிடும். வில்லியனூரிலோ இன்னும் பாதி வேலை மிச்சம். அங்கிருந்தவர்கள் தங்கள் கடலுக்கு வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்து, தமிழில் எழுதி, வானொலி அலையில் ஏற்றிக் கடற்கரைக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒருவர் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

அமெரிக்கக் கடற்படை அந்தக் கணிப்பைத் தன் கப்பல்களுக்காகத் தயாரித்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் விட்டுவைத்தது. வங்காள விரிகுடாவில் கட்டுமரம் தள்ளுபவர் அதைப் பயன்படுத்துவார் என்று அங்கே யாரும் நினைத்திருக்க வாய்ப்பில்லை. கரையோரம் அலை மடிந்து விழும் இடத்தைத் தாண்டுவதுதான் சிறு படகுக்கு ஆபத்தான கட்டம் என்பதால், அலை இரண்டு அடியா எட்டு அடியா என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. பக்கத்திலேயே இருக்கிறது அரிக்கமேடு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானிய மதுச்சாடிகள் வந்திறங்கிய துறை அது. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிக் காட்டினார். காற்றின் போக்கைக் கணித்துத் தொலைதூரத்தோடு வியாபாரம் செய்த கரைக்கு, காற்றையும் அலையையும் பற்றிய செய்தி தொலைதூரத்திலிருந்து வந்து சேர்ந்தது.

மையங்களில் பரிமாறப்பட்டதில் பெரும்பகுதி இணையத்தில் எங்குமே இல்லாத விவரம். நெல் விலை, உர விலை, பேருந்து நேரம், எந்த மருத்துவமனையில் எந்த மருத்துவர் என்ற விவரம், அரசுத் திட்டங்களுக்கான தகுதிகள், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்போர் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பது. இவற்றை ஊர் ஊராகத் திரட்டி, தட்டச்சு செய்து, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். தட்டச்சு செய்தவர்களில் பலர் பள்ளிப் படிப்போடு நின்ற பெண்கள். ஆங்கில எழுத்துள்ள விசைப்பலகையில் தமிழ் எழுத்துருவைப் போட்டு, எந்த விசையில் எந்த எழுத்து என்று மனப்பாடமாக வைத்திருந்தார்கள். தமிழ் விசைப்பலகைக்குத் தமிழக அரசு ஒரு தரத்தை அறிவித்ததே 1999-இல்தான். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில் மையத்தில் நிற்க இடமிருக்காது.

ஊர் இடம் தரவேண்டும், ஆள் தரவேண்டும். கருவியும் பயிற்சியும் நிறுவனத்தின் பொறுப்பு. கூடவே ஒரு நிபந்தனை: எந்தச் சாதியாராக இருந்தாலும் உள்ளே வரலாம். ஏம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையத்துக்கு இடம் கிடைத்தது. சாமி இருக்கும் பக்கத்துக்குப் பழைய கட்டுப்பாடுகள் அப்படியே இருந்தன. கணினி இருக்கும் பக்கத்துக்கு எவரும் போகலாம். இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய சாதனை வானொலி மோடம் அல்ல, இந்த நிபந்தனைதான் என்று தோன்றுகிறது. கம்பியில்லாத் தொழில்நுட்பம் சில ஆண்டுகளில் பழசாகிப் போனது. யார் வீட்டுத் திண்ணையில் கணினியை வைப்பது என்ற கேள்வி எந்த ஊரிலும் பழசாகவில்லை.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு முயற்சி மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் நடந்தது. 2001-ஐ ஒட்டி, சென்னை ஐ.ஐ.டி.யின் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறையில் கிராமங்களுக்கு வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இணைப்பு கொடுத்தார்கள். இங்கே மையம் என்பது கடை. பெரும்பாலும் உள்ளூர்க்காரர் ஒருவர் கடன் வாங்கிக் கணினி போட்டு, கட்டணம் வாங்கி நடத்துவார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணைப் படம் பிடித்து அனுப்பினால் மருத்துவர் பார்த்துச் சொல்வார். முதியோர் உதவித்தொகைக்கும் பிறப்புச் சான்றுக்கும் தாலுகா அலுவலகம் போகாமல் அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் விண்ணப்பச் சேவை படுத்துவிட்டது. வருமானம் குறைந்தது, பல கடைகள் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன.

2004 டிசம்பர் 26 அன்று காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது. சுனாமி அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த, புதுச்சேரிக் கடற்கரையின் நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். நல்லவாட்டிலும் ஒரு தகவல் மையம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அது பூட்டிக் கிடந்தது. ஊரார் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 500 குடும்பங்கள் மேட்டுப் பக்கம் ஓடித் தப்பின. வீடுகளும் படகுகளும் போயின.

இணையம் ஓர் ஊரைக் காப்பாற்றியது என்று இந்தச் செய்தி பிறகு பல மேடைகளில் சொல்லப்பட்டது. உள்ளபடி பார்த்தால், அந்தக் காலையில் இணையத்துக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. எச்சரிக்கை வந்தது சாதாரணத் தொலைபேசியில். ஆனால் அந்த ஒலிபெருக்கியில் கடலைப் பற்றிச் சொன்னால் நம்பலாம் என்று சில ஆண்டுகளாகக் காது பழகியிருந்தது. யாரோ புரளி கிளப்புகிறார்கள் என்று நிற்காமல் மக்கள் ஓடியதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

2006-இல் மத்திய அரசு நாடு முழுவதும் ஒரு லட்சம் பொதுச் சேவை மையங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. அலை உயரத்துக்கு அமெரிக்கக் கடற்படையை எதிர்பார்க்கும் நிலையும் மாறியது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் நம் கடலுக்கான கணிப்பைத் தானே வெளியிடத் தொடங்கியது. அந்தக் கணிப்பை மீனவர் கைப்பேசிக்குக் கொண்டுவர, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 'ஃபிஷர் ஃபிரெண்ட்' என்ற செயலியைக் கூட்டு முயற்சியில் உருவாக்கியது. அலை, காற்று, மீன் கிடைக்கக்கூடிய இடம், பன்னாட்டுக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை எல்லாம் அதில் உண்டு. கரையிலிருந்து சில மைல் போனதும் சிக்னல் நின்றுவிடும் என்பதால், வேண்டிய விவரத்தைப் படகு தள்ளுவதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு படகு நிற்கும் இடத்தைக் காட்டுவது ஜி.பி.எஸ்., அதற்கு இணையம் தேவையில்லை.