மாறும் எண்ணும் மாறாத பெயரும்

இந்நாட்டில் வணிகப் பயிராகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது நம் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917ஆம் ஆண்டில். அத்தகைய தோட்டங்களில் நம் முன்னோருக்குக் கடிதம் எப்படி வந்தது? தபால் முதலில் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்துதான் லயங்களுக்குப் போகும். உறையின்மேல் எழுதிய பெயர் தொழிலாளியுடையது, விலாசமோ தோட்டத்துடையது. 1950களிலும் 1960களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பம் தன் விலாசத்தையும் அங்கேயே விட்டுச் சென்றது.

இதே சிக்கல் இணையத்திலும் உண்டு. இணையத்தில் சேரும் கணினிக்கு ஓர் எண்ணே விலாசம். 1971இல் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காட்டினார். 1983இல் பால் மாக்கபெட்ரிஸ் என்பவர், பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணைத் தேடித்தரும் பதிவேட்டு முறையை வகுத்தார். அதன் பயன் என்ன? எண் மாறலாம், பெயர் மாற வேண்டியதில்லை.

மலேசியாவில் 1992இல் ஜாரிங் இணையச் சேவை தொடங்கியது. பழைய முறையில் மொத்தம் சுமார் 430 கோடி எண்களே உள்ளன. ஆகவே வீடுகளுக்குப் பொதுவாக நிலையான எண் தருவதில்லை. இணைப்பு அறுந்து மீண்டும் சேரும்போது எண் மாறிவிடலாம்.

அப்படியானால் ஒருவர் தம் கடிதங்களைத் தம் வீட்டுக் கணினியிலேயே பெற முடியுமா? வீட்டுக்கெனத் தனி எண் இருந்தால் முடியும். ஆண்டுக் கட்டணம் கட்டித் தமக்கென ஒரு பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். எண் மாறும்போதெல்லாம் ஒரு சிறு நிரல் பதிவேட்டுக்குப் புது எண்ணைத் தெரிவிக்கும். மின்சாரம் தடைப்பட்டாலும் கடிதம் உடனே தொலைந்துவிடாது. அனுப்பும் கணினி நான்கைந்து நாள்வரை திரும்பத் திரும்ப முயல்வதே அஞ்சல் வழக்கம்.

அனுப்புவதில்தான் தடை அதிகம். தீயவர்கள் பிறர் வீட்டுக் கணினிகளைக் கைப்பற்றிக் குப்பை அஞ்சல்களை அனுப்பினார்கள். அதனால், மாறும் எண்களிலிருந்து நேரே வரும் அஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் மறுக்கின்றன. இணைய நிறுவனங்கள் பலவும் அஞ்சலுக்குரிய 25ஆம் வாயிலை வீடுகளுக்கு அடைத்து வைக்கின்றன. எனவே நிலையான எண்ணுள்ள ஒரு நிறுவனத்தின் வழியே அனுப்புவதுதான் நடைமுறை.

நேயர்களே, எல்லோரும் வீட்டில் அஞ்சல் கணினி வைக்க வேண்டியதில்லை. ஆனால் இதில் ஒரு பாடம் உண்டு. முன்னோடியான ஜாரிங் நிறுவனமே 2015இல் கலைக்கப்பட்டது. நிறுவனத்தின் பெயரில் உள்ள விலாசம் நிறுவனத்தோடு போகக்கூடியது. அன்று தோட்டத்தோடு போனது போலத்தான். பெயர் நம்முடையதாக இருந்தால், அஞ்சல் வைக்கும் நிறுவனத்தை மாற்றினாலும் விலாசம் கூடவே வரும். பிள்ளைகளின் வேலை அழைப்பும் மேற்படிப்புச் செய்தியும் மின்னஞ்சலில் வரும் காலம் இது. வீடு மாறலாம், எண் மாறலாம்; விலாசம் நம் கையில் இருக்கட்டும்.