துறையில் இறங்கியோர்



நெடுங்கடற் பயணம் செய்யும் ஒருவர் இடையிலே ஒரு துறைமுகத்தில் இறங்குகிறார். கப்பல் மீண்டும் புறப்படுவதற்குச் சில மணி நேரமே உண்டு. அந்த நேரத்துள் எங்கே போவது? எதைக் காண்பது? எதை விடுவது? பார்வைக்குச் சிறிய வினாதான். ஆயினும் இலங்கைத் துறைகளில் இறங்கியவர்கள் அதற்கு என்ன விடை கண்டார்கள் என்று ஆராய்ந்தால், இரத்தினபுரியும் கேகாலையும் சேர்ந்த சப்பிரகமுவையின் வரலாற்றில் ஒரு பகுதி நமக்கு விளங்கும். அங்குள்ள தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களின் கதையும் அதனுள் அடங்கும்.

முதலிலே நெடுங்காலத்துக்கு முன் வந்த ஒருவரைப் பார்ப்போம். மொறோக்கோ நாட்டவரான இபுன் பத்தூத்தா 1344-ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரையை நோக்கிப் புறப்பட்டார். காற்று அவருடைய கப்பலை இலங்கையின் மேற்குக் கரைக்குத் தள்ளிவிட்டது. புத்தளத்தை அடுத்த அக்கரையில் அவர் கண்ட அரசர் ஆரியச் சக்கரவர்த்தி. பாரசீக மொழி அறிந்த அம்மன்னர் விருந்தினரை உபசரித்து, முத்துகளை அளித்து, வேண்டுவது யாது என்று வினவினார். மலைமேலுள்ள பாதச் சுவட்டைத் தரிசிப்பது ஒன்றே தம் விருப்பம் என்றார் பயணி. சைவர் சிவனொளிபாதம் என்றும், பௌத்தர் ஸ்ரீபாதம் என்றும், முஸ்லிம்கள் ஆதம் நபியின் அடிச்சுவடு என்றும் போற்றும் அந்த மலை 7,360 அடி உயரமுடையது. இரத்தினபுரி மாவட்டத்தின் எல்லையில் நிற்பது.

அரசர் பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களும் கொடுத்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வரும், பிராமணர் மூவரும், அரசரைச் சேர்ந்தோர் பதின்மரும், உணவுப் பொருள் சுமப்போர் பதினைவரும் உடன் சென்றனர். கப்பற்றலைவனோ, ஓராண்டு சென்றாலும் பயணி திரும்பும்வரை பாய் விரிப்பதில்லை என்று வாக்களித்தான். இபுன் பத்தூத்தாவும் அவசரமின்றிச் சென்றார். பாறையில் அறைந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறியதை எழுதினார். ஈரக் காட்டில் மனிதர்மேல் தாவும் அட்டைகளைப் பற்றியும், அவற்றை உதிர்ப்பதற்கு மக்கள் தேசிக்காய்ச் சாற்றை ஆயத்தமாக வைத்திருந்ததைப் பற்றியும் எழுதினார். மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்த அட்டையை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குமுன் வந்த ஓர் அந்நியர் அதைக் கவனித்தார் என்றால், அவர் நிலத்தைக் காலால் மிதித்து நடந்தவர் என்பதே காரணம். திரும்பி வந்தபோது கப்பற்றலைவன் சொன்ன சொற்படி காத்திருந்தான்.

இனி நீராவிக் கப்பல்களின் காலத்துக்கு வருவோம். 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கும் கீழைத் தேசங்களுக்கும் இடையே கப்பல்கள் பெருகின. 1875 டிசம்பர் 8-ஆம் நாள், பின்னர் ஏழாம் எட்வேர்ட் மன்னராக முடிசூடிய வேல்ஸ் இளவரசர், கொழும்பின் அலைதாங்கிச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். அச்சுவர் எழுந்தபின் காலித் துறையின் பெருமை கொழும்புக்கு மாறியது. நிலக்கரியும் நீரும் ஏற்றுவதற்குக் கப்பல் நிற்கும் நேரமே பயணியின் நேரமாயிற்று. றிக்ஷா ஏறிக் கோட்டையையும் கறுவாத் தோட்டத்தையும் சுற்றலாம். களனி விகாரைக்குப் போகலாம். கல்கிசைக் கடற்கரையில் உணவருந்தலாம். துணிந்தவர் கண்டிப் புகைவண்டியில் ஏறலாம்.

இருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1890 நவம்பரில் சகலின் தீவிலிருந்து தாய்நாடு திரும்பிய உருசிய எழுத்தாளர் அந்தன் செக்கோவ் சில நாள் இங்கே தங்கினார், கண்டிவரை சென்றார், போகும்போது கீரிகளையும் வாங்கிச் சென்றார். 1896 ஜனவரியில் வந்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெய்ன் கொழும்புத் தெருக்களிலேயே ஒரு நாளைக் கழித்தார். மக்களின் ஆடை நிறங்களில் மனம் பறிகொடுத்தார். ஒரே துறையில் இறங்கிய இருவரும் இருவேறு நாடுகளைக் கண்டார்கள் என்று கூறினும் தகும்.

கண்டிப் பாதை 1867-இல் திறக்கப்பட்டது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்தறையில் தேயிலை பயிரிட்டதும் அவ்வாண்டிலேதான். புகைவண்டி கேகாலை மாவட்டத்து இறம்புக்கனையில் நிற்கும். பின்னால் இன்னுமோர் எந்திரம் பூட்டப்படும். பிறகு கடுகண்ணாவை நோக்கி, நாற்பத்தைந்து அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏற்றம். பள்ளத்திலே படிப்படியான வயல்கள். எதிரே பைபிள் பாறை. 1864-இல் தூக்கிலிடப்பட்ட சரதியேலின் கதையைச் சொல்லும் ஊத்துவன்கந்தை. பின்னர் அலகல்லை மலை. பயணிகள் சாளரத்தருகே முண்டியடிப்பர். சரிவுகளிலே முதலில் கோப்பியும், நோய் கோப்பியை அழித்தபின் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டிலே இறப்பரும் தென்பட்டன. அவற்றினிடையே குனிந்த உருவங்கள் சில கணம் தோன்றி மறையும். அவர்களைக் காண்பதற்காக இறம்புக்கனையில் இறங்கவேண்டும் என்று எந்தக் கால அட்டவணையும் சொல்லவில்லை.

இரத்தினபுரிக்கோ போகவேண்டிய தேவையே இருக்கவில்லை. இரத்தினபுரி தானே துறைமுகத்துக்கு வந்தது. நீலக் கல்லும் சந்திரகாந்தக் கல்லும் கொண்ட வணிகர் கோட்டைக் கடைகளிலும் விடுதி விறாந்தைகளிலும் பயணிகளுக்காகக் காத்திருந்தனர். வயலின் நடுவே சதுரமாகக் குழி தோண்டி, மண் சரியாதவாறு மரம் அடைத்து, ஊறும் நீரை இறைத்து, 'இல்லம்' எனப்படும் சரளைப் படையை எட்டி, அதைக் கூடையிலிட்டு ஓடும் நீரில் அரித்து, ஒரு மணிக்காகக் கண் பூக்கத் தேடும் உழைப்பை வாங்கியவர் கண்டதில்லை. 1912-இல் களனிப் பள்ளத்தாக்குக் குறும்பாதை இரத்தினபுரியை அடைந்தது. ஆயினும் அது முதன்மையாகத் தோட்ட விளைபொருளுக்காக இடப்பட்ட பாதை.

இவ்வளவும் சொன்னபின், அதே கொழும்புத் துறையில் இறங்கிய மூன்றாமவரை மறப்பது நியாயமன்று. தூத்துக்குடியிலிருந்து வந்த கப்பல்களின் மேற்றட்டில் அமர்ந்து, மூட்டையும் பிள்ளையுமாக வந்த தொழிலாளரே அவர். அவருக்கு முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தவர்கள். வழியில் மாண்டோர் பலர். கப்பலில் வந்தவரும் அதே அலைதாங்கிச் சுவரைக் கண்டார். அதே விளக்குகளைக் கண்டார். ஆனால் எங்கே போவது என்று அவரை எவரும் கேட்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே புகுத்தப்பட்ட ஒரு தகரச் சீட்டு அவர் கையில் இருந்தது. அதிலே தோட்டத்தின் இலக்கம் பொறிக்கப்பட்டிருந்தது. அந்த இலக்கம் அவரை முதலில் இராகமை முகாமுக்கும், பின்னர் எட்டியாந்தோட்டைக்கோ பலாங்கொடைக்கோ இறக்குவானைக்கோ கொண்டுபோய்ச் சேர்த்தது. வழிச் செலவு தோட்டக் கணக்கிலே அவர் கடனாக ஏறியது. இராகமை கண்டிப் பாதையில் உள்ள நிலையம். உல்லாசப் பயணியின் வண்டியும் அந்நிலையத்தைக் கடந்தே சென்றது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

1914-இல் தனுஷ்கோடி, தலைமன்னார் வழி திறக்கப்பட்டபின், மண்டபம் முகாம் அவர்களின் வாசலாயிற்று. கடனைச் சுட்டித் தொழிலாளரைக் கட்டிவைத்த துண்டு முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1,50,000 பேரின் முடிவைப் பின்னுக்குத் தள்ளியது. எந்த நாடு என்ற வினாவோடு விண்ணப்பத் தாள் அப்போதுதான் லயத்து வாசலுக்கு வந்தது. தொகை முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்க, தெரிவு எவ்வளவு தூரம் தெரிவாகும் என்பதை நேயர்கள் சிந்திக்கலாம். அதே ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் 'இராமானுஜம்' என்னும் கப்பல் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு மக்களை ஏற்றிச் சென்றது. நான்கு தலைமுறை பிறந்த மண்ணை அதன் தட்டிலிருந்து திரும்பிப் பார்த்தவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். 1984-இல் அச்சேவை நின்றது. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல் நிறைவேறியது.

இன்று பயணக் கப்பல்கள் மீண்டும் கொழும்பில் நிற்கின்றன. பயணிகள் தெரிவுசெய்யும் இடங்களில் ஒன்று பின்னவலை. 1975-இல், இறம்புக்கனைக்கு அண்மையில், தென்னந்தோப்பாயிருந்த 25 ஏக்கர் நிலத்தில் அநாதை யானைக் குட்டிகளுக்காக அமைக்கப்பட்ட இல்லம் அது. யானைகள் மகா ஓயாவில் நீராடும் காட்சி காண்பதற்கு இனியது. அதை நாம் குறைகூற வேண்டியதில்லை. முன்னர் யாரும் இறங்காத இடத்தில் இன்று பேருந்துகள் நிற்கின்றன என்பதே நாம் கருதவேண்டிய செய்தி. எது காணத்தக்கது என்னும் பட்டியல் காலந்தோறும் மாறுவது; மனிதராற் செய்யப்படுவது. அப்படியானால் அதிலே இன்னும் சிலவற்றைச் சேர்க்கவும் இயலும்.

கேகாலையிலும் இரத்தினபுரியிலும் உள்ள தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாள் மட்டும் தங்கும் விருந்தினருக்கு நம் ஊரில் எதைக் காட்டுவோம் என்று மாணவரைக் கேளுங்கள். பால் வெட்டும் இறப்பர் மரம், பாட்டனார் வெட்டிய படிக்கட்டு, பழைய லயம், தேயிலைத் தொழிற்சாலை, காமன் கூத்து நடக்கும் திடல் என்று அவர்கள் அடுக்கட்டும். பெட்டியில் பழைய கடவுச்சீட்டோ, தகரச் சீட்டோ, விண்ணப்பப் பிரதியோ இருந்தால் அதையும் எடுத்துவரச் சொல்லுங்கள். எழுதப்படாத வரலாறு அவ்வாறுதான் எழுதப்படத் தொடங்கும்.

அரசரின் விருந்தினருக்காகக் கப்பல் காத்திருந்தது. நீராவிக் கப்பலின் பயணி கப்பலுக்காக விரைந்தார். தகரச் சீட்டோடு வந்தவருக்கோ காத்திருக்கும் கப்பலும் இல்லை, விரைந்து திரும்பும் வழியும் இல்லை. ஆயினும் முதலிருவரும் கண்டுவிட்டுப் போன சப்பிரகமுவையில் நின்று, அதன் சரிவுகளைப் பயிர்நிலமாக்கி, இன்றும் அங்கே வாழ்வது அந்த மூன்றாமவரின் வழித்தோன்றல்களே. அந்த மண்ணைப் பற்றி வருவோர்க்கு எடுத்துச் சொல்லும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.