லைப்னிட்ஸுக்கும் வந்த சந்தேகம்

ப்ளஸ் ஒன் கணக்கு வாத்தியார்கள் வருஷா வருஷம் தலையில் அடித்துக்கொள்ளும் தப்பு ஒன்று உண்டு. வகுத்தலாக இருக்கும் சார்பை வகையிடச் சொன்னால், பையன் தொகுதியைத் தனியா, பகுதியைத் தனியா வகையிட்டு மேலே கீழே எழுதிட்டுப் போயிடுவான். "உனக்குக் கணக்கு வராது" என்று பட்டம் கட்டிவிடுவோம்.

ஆனா பாருங்க, நுண்கணிதத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான லைப்னிட்ஸுக்கே முதலில் தோன்றியது இதுதான் :-)

1675, பாரிஸ். அவருக்கு வயசு 29. அந்த நவம்பர் 11 தேதியிட்ட கையெழுத்துத் தாளில் தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறார்: பெருக்கலைத் தனித்தனியா வகையிட்டுப் பெருக்கலாமா? வகுத்தலைத் தனித்தனியா வகையிட்டு வகுக்கலாமா? எக்ஸை எக்ஸாலேயே பெருக்கிச் சோதித்தார். ஒத்துவரவில்லை. அந்தத் தாளிலேயே அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

நாமும் சோதிக்கலாம். எக்ஸ் கியூப்பை எக்ஸால் வகுத்தால் எக்ஸ் ஸ்கொயர். அதன் வகைக்கெழு 2 எக்ஸ். தனித்தனியா போட்டால் 3 எக்ஸ் ஸ்கொயர் வருது. எங்கேயோ இடிக்குதில்ல?

சரியான விதி 1677-இல்தான் அவர் கைக்கு வந்தது. கீழே உள்ளதை மேலதன் வகைக்கெழுவால் பெருக்கு. அதிலிருந்து மேலே உள்ளதைக் கீழதன் வகைக்கெழுவால் பெருக்கிக் கழி. எல்லாத்தையும் கீழதன் ஸ்கொயரால் வகு. மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்க, 2 எக்ஸ் கச்சிதமா வரும்.

ஏன் கழித்தல்? சம்பளத்தை அரிசி விலையால் வகுத்தால் எத்தனை கிலோ வாங்கலாம்னு தெரியும். சம்பளம் ஏறினால் கிலோ கூடும், விலை ஏறினால் குறையும். அந்தக் குறைவுதான் மைனஸ். இதைச் சொல்லாம சூத்திரத்தை மட்டும் உருப்போடச் சொன்னா, எது முதல்ல எது பின்னாலன்னு பிள்ளைங்க குழம்பத்தான் செய்வாங்க.

1684 அக்டோபரில் லைப்சிக் நகரின் 'ஆக்டா எருடிட்டோரம்' இதழில் லைப்னிட்ஸ் இதை வெளியிட்டார். ஏழே பக்கம், நிரூபணம் கிடையாது. பெர்னூலி சகோதரர்களுக்கே அது விளக்கமாக இல்லை, விடுகதையாகத்தான் இருந்தது!

தப்பான அந்த எண்ணத்துக்கும் சரியான விதிக்கும் நடுவே லைப்னிட்ஸுக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆச்சு. நம்ம பிள்ளைகளுக்கு ஒரு பீரியட், 45 நிமிஷம். அவங்க தனித்தனியா வகையிட்டால் சிவப்பு மையால் அடிச்சிட்டு நகர வேண்டாம். எக்ஸ் கியூப்பைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்க. அந்தத் தோணல் முட்டாள்தனமில்லை. சோதிக்காம விடறதுதான் பிரச்சினை.