ஏட்டிலிருந்து சிறு கணினி வரை

கண்டி மாநகரிலிருந்து ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள பேராதனைப் பூங்காவிலே வானளாவி நிற்கும் தாளிப்பனை மரங்களை நேயர்களுட் பலர் கண்டிருப்பீர்கள். வாழ்நாளில் ஒரே முறை பூத்துக் காய்த்துப் பட்டுப்போகும் அம்மரத்தின் இளங்குருத்தோலையே கண்டியரசின் காலத்து எழுதுபொருளாக விளங்கியது. ஓலையை வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி, எழுத்தாணியாற் கீறி, மை பூசித் துடைத்தெடுப்பர். 1660 முதல் 1679 வரை கண்டியரசிற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளிவந்த தம் நூலில் இவ்வோலையின் பயன்களை விரித்துரைத்துள்ளார். வடபுலத்துத் தமிழருக்குப் பனையோலை இதே பயனைத் தந்தது.

ஏட்டுக்கு மூன்று குணங்கள் உண்டு. அது விலை குறைந்தது. கையில் எடுத்துச் செல்லத்தக்கது. மாணவன் தன் சொந்த மொழியிலே எழுத இடந்தருவது. இம்மூன்றையும் ஒருங்கே கொண்ட கணினியைத் தேடி நம் காலத்து அறிஞர்களும் நெடுந்தூரம் நடந்தனர். அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

1972ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் அலன் கே, நூல் ஒன்றின் அளவினதாய்ச் சிறுவர் தாமே கையாளத்தக்க கணினியொன்றைக் கற்பனை செய்து கட்டுரை வரைந்தார். அக்காலத்துத் தொழினுட்பத்தால் அதனை ஆக்க இயலவில்லை. 1981இல் எடுத்துச் செல்லத்தக்கது என்ற பெயருடன் விற்பனைக்கு வந்த ஒஸ்போண் கணினியின் எடை ஏறக்குறைய 11 கிலோகிராம். விலை 1,795 டொலர். அதனைத் தூக்கிச் செல்வதற்குத் தோள்வலிமையும், வாங்குவதற்குப் பொருள்வலிமையும் வேண்டியிருந்தன.

2005ஆம் ஆண்டில் நிக்கலஸ் நெக்ரொபொன்ரி என்பார், குழந்தைக்கு ஒன்றாக நூறு டொலர் மடிக்கணினி வழங்கும் திட்டத்தை உலகுக்கு அறிவித்தார். பச்சையும் வெள்ளையுமான அக்கணினி 2007இல் உருவானபோது அதன் விலை நூறு டொலரில் அடங்கவில்லை. இரு மடங்கை அண்மியிருந்தது. எனினும் வெயிலிலும் வாசிக்கத்தக்க திரையும், குறைந்த மின்னில் இயங்கும் ஆற்றலும் அதன் சிறப்புக்கள். அதே 2007இல் தாய்வான் நாட்டு அசுஸ் நிறுவனம் ஏழு அங்குலத் திரையுடன், ஒரு கிலோகிராமுக்குக் குறைந்த எடையில், ஈ பிசி என்னும் சிறு கணினியை வெளியிட்டது. சுழலும் வட்டுக்குப் பதிலாகச் சிறு நினைவகம், விலையில்லாத லினக்ஸ் இயங்குதளம் ஆகியவற்றால் அதன் விலை குறைந்தது. பிற நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. ஆனால் 2010இற்குப் பின் கைப்பலகைக் கணினிகள் பெருகவே, ஐந்தாறு ஆண்டுகளுக்குள் இச்சிறு கணினிகளின் காலம் முடிவுற்றது.

விலையும் எடையும் குறைந்தன, மொழி என்னாயிற்று? யாழ்ப்பாணத்திற் பிறந்த ஆர். முத்தையா அவர்கள், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தமிழின் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்களையும் சில பத்து விசைகளுக்குள் அடக்கித் தட்டச்சுப்பொறி அமைத்தார்; பின்னர்க் கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு பொறியையும் உருவாக்கினார். கணினியுலகில் அப்பணியை 1991இல் வெளிவந்த யுனிகோட் முறை தொடர்ந்தது. 2008இல் இலங்கையிலும் தமிழுக்கெனக் கணினித் தரநிலை வகுக்கப்பட்டது. ஆயினும் சந்தைக்கு வந்த சிறு கணினிகளின் விசைகளிற் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்களே பொறிக்கப்பட்டிருந்தன. தமிழ்ப் பிள்ளை முதலில் அந்நிய எழுத்தைத் தாண்டியே தன் எழுத்தை அடைய வேண்டியிருந்தது.

நூறு டொலர்த் திட்டக் கணினிகள் 2009இல் நம் நாட்டுப் பாடசாலைகள் சிலவற்றிலும் பரீட்சார்த்தமாக வழங்கப்பட்டன. தமிழ்நாட்டில் 2011 முதல் மேனிலை வகுப்பு மாணவருக்கு விலையில்லா மடிக்கணினி அளிக்கப்பட்டது. பெரு நாட்டிலோ கிராமப்புறப் பாடசாலைகள் 319இல் நிகழ்த்திய ஆய்வின் முடிவு 2012இல் வெளியாயிற்று. பிள்ளைகள் கணினியைக் கையாளக் கற்றனர். ஆனால் கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி உயர்ந்தமைக்குச் சான்று கிடைக்கவில்லை. கருவி வந்தது, கற்பித்தல் பழைய வழியிலேயே நடந்தது.

இவ்விடத்து என் குறையையும் ஒளியாது கூறுதல் முறையாகும். கண்டியைச் சூழ்ந்த மலைப்பகுதியில், நான் முன்பு பணியாற்றிய ஒரு பாடசாலைக்கும் சில சிறு கணினிகள் கிடைத்தன. உடைந்தால் யார் பொறுப்பு, காணாமற் போனால் யார் பதில் கூறுவது என்ற அச்சத்தால் அவை அலுமாரியில் வைத்துப் பூட்டப்பட்டன. அதன் திறப்பு என்னிடமே இருந்தது. ஆய்வுக்கு வருவோர் காணும் பொருட்டு ஆண்டுக்கு இருமுறை அவை வெளியே வந்தன. சில ஆண்டுகளின் பின் திறந்தபோது மின்கலங்கள் செயலிழந்திருந்தன. பிள்ளைகளின் விரற்சுவடு ஒன்றும் படாமலே அவை முதுமையெய்தின.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொள்ளை நோயால் நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. அப்பொழுது தோட்டத்து லயத்தில் வாழ்ந்த மாணவியொருத்தி, அண்ணனின் தொலைபேசியை இரவல் பெற்று, அலைவரிசை கிடைக்குமிடம் தேடித் தேயிலை மலையுச்சிக்கு ஏறிச் சென்று பாடம் பெற்றாள். அச்செய்தி என் செவிக்கு எட்டிய நாளில், பூட்டிக் கிடந்த அந்த அலுமாரியே என் நினைவில் எழுந்தது.

ஏட்டை நம் முன்னோர் பூச்சி அரிக்குமென்று அஞ்சிப் பூட்டி வைக்கவில்லை. எடுத்து ஓதினர், எண்ணெய் பூசினர், சிதைந்தவிடத்துப் புதிதாய்ப் படியெடுத்தனர். பயன்பாடே அதற்குப் பாதுகாப்பாயிற்று. அதிபர்களே, ஆசிரியர்களே, பெற்றோர்களே! உங்கள் பாடசாலையிற் சிறு கணினி ஒன்றேனும் இருக்குமாயின், அது பிள்ளையின் கைபட்டுத் தேயட்டும். ஒரு விசை உடைந்தால் மாற்றிவிடலாம். கற்கும் பருவம் கழிந்துபோனால் அதனை மீட்டுத்தர எவராலும் இயலாது.